மூக்குக்குள் ஒரு கட்டி

மூக்கு நுனியைத் தொட்டாலே கண்ணில் நீர் வருகிறது. உள்ளே, மயிர்க்கால் ஒன்றில் சீழ்க்கட்டி. முடியைப் பிடுங்குவதோ, நகத்தால் நோண்டுவதோ, ஓயாமல் சிந்துவதோ, எதனால் தோல் கீறினாலும் போதும். ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி நுழைந்துவிடும். பலருக்கு அது மூக்கிலேயே குடியிருப்பதுதான்.

"பிதுக்கிவிடு, சரியாகிவிடும்" என்கிறார் பெரியப்பா. அவர் எதையும் பிதுக்கச் சொல்பவர். மூக்கு, மேலுதட்டுப் பகுதியின் சிரைகள் கண்குழி வழியாக மூளையின் அடிப்பகுதியோடு தொடர்புள்ளவை. பிதுக்கும்போது தொற்று அங்கே பரவினால் இரத்தம் உறைந்துபோகலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து.

வெந்நீர் ஒத்தடமும் மருத்துவர் தந்த மியூபிரோசின் களிம்பும் பெரும்பாலும் போதும். காய்ச்சலோடு கடும் தலைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம், இரட்டைப் பார்வை என்றால் உடனே மருத்துவமனைதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.