மோசேயும் உட்கார்ந்துதான் இருந்தார்

"எல்லாரும் எழுந்து நின்று, கரங்களை உயர்த்தி, உற்சாகமாய்..." என்று ஆராதனை நடத்துகிறவர் ஆரம்பித்தபோதே தெரிந்துவிட்டது, இன்றைக்கு நமக்கும் உற்சாகத்துக்கும் ஒத்துவராது என்று. ராத்திரி ஷிப்ட் முடித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்போம் என்பதால் நேராகச் சபைக்கு வந்திருந்தேன். முதல் பாட்டுக்குக் கை மேலே போனது. அடுத்த பாட்டில் முழங்கை மட்டத்தோடு நின்றுவிட்டது, போகிற பஸ்ஸுக்குக் கை காட்டி நம்பிக்கை இழந்தவன் மாதிரி. அவரோ "இன்னும் ஒருமுறை" என்கிறார். இந்த "இன்னும் ஒருமுறை" ஒருமுறையோடு நின்றதாகச் சரித்திரமே கிடையாது, அதிலும் கீபோர்டுக்காரர் சுருதியை ஒரு படி ஏற்றிவிட்டால் முடிந்தது கதை.

கண்ணை மூடி ஆராதிக்கலாம் என்றால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பைபிளில் அப்போஸ்தலர் 20-இல் வருகிற ஐத்திகு ஞாபகத்துக்கு வந்தான். துரோவா பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்த இந்த வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து செத்தே போனான். பவுல் இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொள்ள, உயிர் வந்தது. எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்ததுதான்: பவுல் மறுபடி மேலே ஏறிப் போய், அப்பம் பிட்டு, பொழுது விடிகிற வரைக்கும் பேசினார்! ஆள் செத்துப் பிழைத்த பிறகும் பேச்சு சுருங்கவில்லை. (எங்கள் போதகரைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.)

அப்போது பக்கத்தில் நின்ற பாட்டி சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏன் தம்பி தள்ளாடுறே? உட்காரு. உனக்கும் சேர்த்து நானே பாடிடறேன்."

எல்லாரும் நிற்கிறார்களே என்று இழுத்தேன்.

"மோசேயே உட்கார்ந்துதானே இருந்தார்?"

அமலேக்கியரோடு இஸ்ரவேலருக்கு யுத்தம் நடந்தபோது, கை உயர்ந்திருக்கும்வரைதான் ஜெயம் என்பதால், மோசேயின் கைகளை ஆரோனும் ஊர் என்பவரும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்த கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் யாத்திராகமம் 17:12-இல், கையைத் தாங்குவதற்கு முன்னால் ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை அதன்மேல் உட்கார வைக்கிறார்கள், பாவம் அந்தக் கல்லைப் பிரசங்கங்களில் யாரும் கண்டுகொள்வதில்லை. அசந்துபோன மனுஷனிடம் போய் "இன்னும் உயர்த்துங்க ஐயா" என்று அவர்கள் சொல்லவில்லை பாருங்கள்.

சரி என்று உட்கார்ந்தேன். பாடுகிற வேலை இல்லை என்றானதும் காது திறந்துகொண்டது. பின்வரிசையில் ஒரு குழந்தை எல்லா வரியையும் ஒரு வரி தாமதமாகப் பாடிக்கொண்டிருந்தது. ஏற்றின சுருதி எட்டாமல் ஓர் ஐயா பாதியிலேயே அடித்தொண்டைக்கு இறங்கிவிட்டார். பாட்டி தாளத்துக்கு எப்போதும் கொஞ்சம் முன்னால். இத்தனையும் சேர்ந்து ஒரே பாட்டாக மேலே போய்க்கொண்டிருந்தது, நான் சேராமலே! முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் ஏனோ கண் கலங்கியது, அதற்கப்புறம் வாய் தானாகவே முணுமுணுக்க ஆரம்பித்தது. களைப்பு போய்விட்டதா என்றால், அதெல்லாம் இல்லை, அது அப்படியே இருந்தது, சந்தோஷமும் அதன் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது.

பாட்டி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். இரண்டு பேருக்குச் சேர்த்து என்றால் சத்தமும் இரண்டு பேருக்கு. சவுண்ட் பார்க்கிற பையன் எந்த மைக் திறந்து கிடக்கிறது என்று ஒவ்வொன்றாக அணைத்து அணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.