ஹெல்மெட்ட வண்டியிலயே விட்டுட்டுப் போறவங்களுக்கு

சேலம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாருங்க, வண்டிக்கு சைடு லாக் போட்டு ஹேண்டில ரெண்டு தடவ ஆட்டிப் பாக்குற ஆளு, ஹெல்மெட்ட மட்டும் கண்ணாடியில கோயிலுக்கு நேந்துவிட்ட ஆடு மாதிரி விட்டுட்டுப் போயிடுவாரு. நெறைய வண்டியில சீட்டுக்கு அடியிலயே சின்ன கொக்கி ஒண்ணு இருக்கு, சீட்ட தூக்கி ஸ்ட்ராப் வளையத்த அதுல மாட்டி திரும்ப அமுக்குனா வேல முடிஞ்சுது, இது பாதி பேருக்கு தெரியவே தெரியாது. ஆனா ஸ்ட்ராப்ப பிளேடால அறுத்துட்டா போச்சு (அறுத்தவனுக்கும் அது உதவாது, இருந்தும் அறுப்பானுங்க). தாடை வரைக்கும் மூடுற ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்னா நம்பர் போட்ட கேபிள் லாக் வாங்கி, ஹெல்மெட்டோட முன் கண்ணாடிய தொறந்து தாடைப் பக்கம் விட்டு எடுத்து பின்னாடி புடிக்கிற கம்பியோட சேத்து பூட்டிடுங்க, இதான் என் சாய்ஸ்.

ஏற்காடு கத வேற. அங்க குரங்கு பயம், உள்ள இருக்குற ஸ்பாஞ்ச பிச்சுப் போட்டுடும், பூட்டு என்ன பண்ணும்? 20 ஹேர்பின் பெண்டு எறங்கணும், ஹெல்மெட் இல்லாம மாட்டுனா 1,000 ரூபா ஃபைன் வேற. அதனால மேல போனா கையிலயே தூக்கிட்டு சுத்துறது தான், போட்டிங் போனாலும் மடியில வச்சுக்குவேன், வீட்டுக்காரி சிரிச்சா சிரிச்சுட்டு போகட்டும்.