“உங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே”: நான் பிப் எடுத்த கதை

பிப் என்பது பிரித்தானியாவில் நீண்டகால வருத்தமோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் கொடுப்பனவு. அதற்குப் படிவம் நிரப்புவது பெரிய தலையிடி என்று ஏற்கெனவே எடுத்தவர்கள் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். தலையிடிதான், மறுக்கவில்லை. ஆனால் என்னை மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போகவிடாமல் வைத்திருந்தது படிவத்தின் நீளம் இல்லை. இந்தக் காசு எனக்குச் சேருமா, நான் என்ன அவ்வளவு மோசமாகவா இருக்கிறேன் என்ற கேள்விதான். இதைப் பற்றி நம் சனத்துக்குள் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். வயதாகி மூட்டுத் தேய்கிற வருத்தம் இல்லை இது. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற வருத்தம். கிழமைக்கு ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் குளிசை, அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அசிட், இடைக்கிடை இரத்தப் பரிசோதனை. காலையில் எழும்பும்போது விரல் மடங்காது. மத்தியானம் ஆக ஆக ஓரளவு இளகிவிடும். ஆகவே ஊர் உலகம் காண்பது மத்தியானத்துக்குப் பிறகான என்னைத்தான். கோயில் திருவிழாவில் பட்டுச் சேலையோடு நிற்பேன். அந்தச் சேலைக்குக் கொசுவம் பிடித்து ஊசி குத்தி விட்டது என் மகள் என்பது யாருக்குத் தெரியும்?

முதலில் பிப் என்ற பேச்சை எடுத்தவர் என் கைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட். “நான் வேலைக்குப் போகிறேனே” என்றேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். உண்மைதான். பேர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமெண்ட் என்கிற இந்தக் கொடுப்பனவு 2013இல் வந்தது. வேலை இல்லாதவர்களுக்கான காசு இல்லை. சம்பளம், சேமிப்பு எதையும் பார்ப்பதில்லை, வரியும் இல்லை. நீண்டகால வருத்தமோ இயலாமையோ உங்கள் அன்றாடத்தை எவ்வளவு பாதிக்கிறது என்பதுதான் கேள்வி. மூன்று மாதமாகவாவது அந்தச் சிரமம் இருந்திருக்க வேண்டும், இன்னும் ஒன்பது மாதமாவது தொடரும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். ஸ்கொட்லாந்தில் இதற்குப் பதிலாக அடல்ட் டிஸபிலிட்டி பேமெண்ட் இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் விண்ணப்பிக்கப் போன் எடுக்கவில்லை. காரணம், அந்தக் கிழமைதான் ஒரு பிறந்தநாள் விழாவில் அண்ணா இன்னொருவரைப் பற்றிச் சொன்னார்: “ஆள் நல்லா நடந்து திரியிறார். வருத்தம் எண்டு எழுதிக் குடுத்து காசு எடுக்கிறார்.” மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஆளுக்கு என்ன வருத்தம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நம்மவர்களிடம் இது கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று நினைக்கிறேன். வெறுங்கையோடு வந்து, இரண்டு வேலை மூன்று வேலை செய்து, வீடு வாங்கிப் பிள்ளைகளைப் படிப்பித்த தலைமுறை. உழைப்புத்தான் இந்த நாட்டில் எங்களுக்குக் கிடைத்த மரியாதை. ‘பெனிபிட்’ என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பதற்கு அதுதான் அடி. வெளியில் பத்திரிகைகள் சொல்வதும் உள்ளே மாமிமார் சொல்வதும் ஒன்றாகச் சேரும்போது தப்பி ஓட இடமில்லை.

என்னை நானே தேற்றிக்கொள்ள முதலில் பிடித்த நியாயம், ‘இவ்வளவு வருஷம் வரி கட்டியிருக்கிறேன், அதைத்தானே திருப்பி எடுக்கிறேன்’ என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால் நிற்காது. பிப், சம்பளத்திலிருந்து பிடிக்கிற நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டியதற்கான கொடுப்பனவே இல்லை; ஒரு நாளும் வேலைக்குப் போக இயலாதவருக்கும் அதே விதிதான், அதே தொகைதான். வரி கட்டியவளுக்குத்தான் உரிமை என்று நான் சொன்னால், பிறந்ததிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிற ஒரு பெடியனை வரிசையில் எனக்குப் பின்னால் தள்ளுகிறேன். அந்த ஆறுதல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது, ‘என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்.’ இதுதான் ஆழமாகப் போன முள். பந்தியில் கடைசிச் சோற்றை நான் எடுத்து இன்னொருவரைப் பட்டினி போடுவது போலவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பிப் அப்படி வேலை செய்வதில்லை. இத்தனை பேருக்குத்தான் என்று எண்ணி வைத்த இடங்கள் இல்லை. நான் எடுக்காமல் விட்டால் அந்தக் காசு என்னைவிட மோசமான ஒருவருடைய கணக்குக்குப் போகாது. எனக்குக் கிடைத்தால் அவருக்குக் குறையாது. இதைத் தெளிவாகச் சொன்னது என் கணவர்; அவர் கணக்காளர், மனதைவிடக் கணக்கு அவருக்குக் கெதியாக விளங்கும்.

சரி, ஒரு காலை போன் எடுத்தேன். பெயர், விலாசம், வங்கி விவரம், டொக்டர் விவரம் போன்றவைதான். தமிழ்தான் வசதி என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்போதே சொல்லலாம். இதில் ஒன்று கவனியுங்கள்: கிடைத்தால், போன் எடுத்த நாளிலிருந்துதான் காசு கணக்கு. தயங்கிய காலத்துக்கு ஒன்றும் இல்லை. இன்னொன்றும், இது முக்கியம்: விசாவில் ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’, அதாவது அரசாங்கக் கொடுப்பனவு எடுக்க முடியாது, என்று போட்டிருந்தால் பிப் பக்கம் போகக்கூடாது, அது விசாவையே பாதிக்கும். பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் குடிவரவுச் சட்டம் தெரிந்தவரிடம் முதலில் கேளுங்கள்.

பிறகு தபாலில் படிவம் வந்தது. திருப்பி அனுப்ப ஒரு மாதம். அது மேசையில் கிடந்த நாட்களில்தான், 2025 மார்ச்சில், அரசாங்கம் பிப் விதிகளை இறுக்கப்போகிறோம் என்று திட்டம் வெளியிட்டது. தொலைக்காட்சியைப் போட்டால் அதே பேச்சு. செலவு கூடிவிட்டது, எண்ணிக்கை கூடிவிட்டது, இப்படியே போக முடியாது. பேசியவர்களில் பாதிப் பேர் பிப்பை வேலையில்லாக் கொடுப்பனவு என்றே நினைத்துப் பேசினார்கள். நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ‘சமைத்தல்’ என்ற கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் தடுமாறினேன் என்று சொல்ல வேண்டும். ‘நான் தினமும் சமைக்கிறேன்’ என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் எப்படிச் சமைக்கிறேன்? உயரமான ஸ்டூலில் சாய்ந்துகொண்டு. வெட்டி உறைய வைத்த வெங்காயம், வெட்டி வருகிற மரக்கறி. தகரப் பேணி திறக்க மின்சாரக் கருவி. கையில் பாரம் தாங்காததால் சின்னச் சட்டிகள் மட்டும். பழைய பெரிய சட்டிகளைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு உருளைக்கிழங்கு உரிக்கத் தடித்த பிடி போட்ட கத்தி, அதையும் நடுவில் வைத்துவிட்டு விரலை நீட்டி மடக்க வேண்டும். இவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தவை. அதனால் எனக்கு அது ‘சமையல்’ என்றே தோன்றியது. தெரப்பிஸ்ட் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்: செய்கிறீர்களா என்று எழுதாதீர்கள், எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

விதியும் அதைத்தான் கேட்கிறது. ஒரு வேலையை ஆபத்தில்லாமல், ஏற்கத்தக்க தரத்தில், தேவையான அளவு திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிந்தால்தான் அது ‘முடியும்’. நியாயமான நேரம் என்றால், அந்த இயலாமை இல்லாத ஒருவருக்கு வழக்கமாக அதிகபட்சம் ஆகக்கூடிய நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்குள். வருத்தம் ஏறி இறங்குகிறவர்களுக்கு, பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறது என்பதே கணக்கு. இதை வாசித்தபோது மனதுக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. நல்ல நாள் ஒன்று இருப்பது என்னைக் கள்ளி ஆக்காது என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

கழிப்பறை பற்றிய கேள்வி இன்னும் மோசம். உயர்த்திய இருக்கையும் கைப்பிடியும் இல்லாமல் எழும்ப இயலாது என்பதை அக்காவுக்குக்கூடச் சொன்னதில்லை. அதை முகம் தெரியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். குற்ற உணர்வு என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி வெட்கம்தான் என்று அந்தப் பக்கத்தில் தெரிந்தது. ஏமாற்றுகிறேன் என்ற பயம் இல்லை. இத்தனை காலம் மூடி வைத்ததைத் திறக்கிறேனே என்ற கூச்சம்.

இலவசமாக ஆலோசனை தருகிற சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் ஒரு பெண் என் பதில்களை வாசித்துப் பார்த்தார். ‘பரவாயில்லை’, ‘சமாளிக்கிறேன்’ என்ற இடங்களை எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டார். பக்கம் பக்கமாக வட்டம். டொக்டரின் கடிதத்தோடு தெரப்பிஸ்டின் அறிக்கையையும் வைத்து அனுப்பச் சொன்னார். டொக்டர் கடிதம் என்ன வருத்தம் என்று சொல்லும். அதனால் என்ன செய்ய இயலாது என்று பெரும்பாலும் சொல்லாது.

படிவத்துக்கு அடுத்தபடியான மதிப்பீடு போனில் நடந்தது. எடுத்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். “இன்று எப்படி இருக்கிறீர்கள்” என்று கேட்டதும் வாய் தானாக “நல்லா இருக்கிறேன்” என்றது. பக்கத்தில் இருந்த கணவர் தலையில் கை வைத்தார். பிறகு அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அனுப்பிய படிவத்தின் நகலைப் பார்த்தே பதில் சொன்னேன். நகல் எடுக்காமல் அனுப்பாதீர்கள். தலை யார் கழுவி விடுகிறார்கள், காலுறை எப்படிப் போடுகிறீர்கள், எவ்வளவு தூரம் நிற்காமல் நடக்கலாம். மீட்டரில் யார் நடந்து பார்த்திருக்கிறார்கள்? நான் பஸ் தரிப்பிடம் வரைக்கும் அளந்து வைத்திருந்தேன், நல்லதாகப் போயிற்று.

முடிவு வருவதற்கு முன் ஜூலை 1ஆம் தேதி பாராளுமன்றத்தில், பிப் விதிகளை இறுக்கும் அந்தத் திட்டத்துக்கான மசோதா விவாதம். படிவத்தில் கேட்கிற ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு சிரமம் என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். அன்றாட வாழ்க்கைப் பகுதியில் ஏதாவது ஒரு செயலிலாவது குறைந்தது நான்கு புள்ளி இருக்க வேண்டும் என்பதுதான் கொண்டுவரப் பார்த்த புது விதி. விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பகுதியை எடுத்துவிடுவதாகவும், ஸ்டீபன் டிம்ஸ் என்கிற அமைச்சரின் மீளாய்வு முடியும்வரை தள்ளிவைப்பதாகவும் அறிவித்தார்கள். அது எனக்கு எவ்வளவு நெருக்கமாக வந்து போனது என்பது பிறகு கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. சமையலுக்கு இரண்டு, குளிப்பதற்கு இரண்டு, கழிப்பறைக்கு இரண்டு, உடுத்துவதற்கு இரண்டு. மொத்தம் எட்டு. அன்றாட வாழ்க்கைப் பகுதியில் அடிப்படைத் தொகைக்கு எட்டு வேண்டும், கூடிய தொகைக்குப் பன்னிரண்டு. நடமாட்டத்தில் நான்கு புள்ளிதான், அதற்கு ஒன்றும் இல்லை. அது நியாயம் என்றே பட்டது. ஐம்பது மீட்டருக்கு மேல் நடக்கிறேன்தானே. ஆனால் எல்லாம் இரண்டு இரண்டாகச் சேர்ந்த என்னைப் போன்ற ஆள் அந்தப் புது விதியில் வெளியே நிற்பாள்.

2025-26 கணக்கில் வாரத்துக்கு 73.90 பவுண், நான்கு கிழமைக்கு ஒருதடவை வரும். முதல் காசை வெகுநாள் தொடவில்லை. பிறகு வீடு துடைக்க ஒருவரை வைத்தோம், விரல் மடங்காத காலைகளில் வேலைக்கு டாக்சி எடுக்கத் தொடங்கினேன். வேலையை விடாமல் இருப்பதற்கு அந்த டாக்சியும் ஒரு காரணம். ‘வருத்தம் என்று சொல்லிக் காசு எடுத்துச் சும்மா இருக்கிறார்கள்’ என்று பேசுகிறவர்களிடம் இதைச் சொல்ல ஆசை.

உறுத்தல் போய்விட்டதா? காசு விஷயத்தில் பெரும்பாலும் போய்விட்டது. சந்தோஷமாக இருக்கும்போதுதான் வருகிறது. ஒரு கல்யாண வீட்டில் பிள்ளைகளோடு ஆடினேன், யாரோ வீடியோ எடுத்தார்கள். வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடப் போனவளுக்குக் கை நின்றது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அடுத்த நாள் முழுக்கப் படுக்கையில் கிடந்ததை யார் படம் எடுத்துப் போடுவது? போட்டேன். ஒரு மாமி மட்டும் “அட, நல்லா ஆடுறீர்” என்று எழுதினார். அது பாராட்டா குத்தலா என்று இன்னும் யோசிக்கிறேன்.

கொடுத்த காலம் முடிவதற்குள் மீளாய்வுப் படிவம் வரும். அதற்காக எது கூடியது, எது குறைந்தது என்று போனில் குறித்து வருகிறேன். அண்ணாவுக்கு இதுவரை தெரியாது. கேட்டால் மறைக்கமாட்டேன், நானாகப் போய்ச் சொல்லும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை.