ஒன்பதாம் குரோமோசோமின் மறுபக்கம்

நவம்பர் 22

வெள்ளத்தில் மூழ்கினாலும் நெல்லைத் தாங்கவைக்கும் சப்1 மரபணுவை ஸ்வர்ணா சப்1 ரகத்திலிருந்து வெள்ளைப் பொன்னிக்குக் கொண்டுவருவதுதான் என் வேலை. அந்த மரபணு இருக்கும் ஒன்பதாம் குரோமோசோமுக்காக வரவழைத்த புதிய ப்ரைமர்களை (டிஎன்ஏவில் வேண்டிய இடத்தை மட்டும் நகலெடுக்க உதவும் சிறு துண்டுகள்) பெற்றோர் இரண்டிலும் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. ஸ்வர்ணா சப்1, வெள்ளைப் பொன்னி இரண்டும் பெரும்பாலானவற்றில் ஜெல்லில் ஒரே உயரத்தில்தான் பட்டை காட்டுகின்றன, அதாவது துண்டின் நீளம் ஒன்றே. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வெள்ளைப் பொன்னி மசூரியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம். ஸ்வர்ணாவோ வசிஷ்டாவையும் மசூரியையும் ஒட்டிப் பெற்ற ரகம். பங்காளிகளின் முகத்தில் வேறுபாடு தேடிக்கொண்டிருக்கிறேன். நெல்லுக்கென 2002இல் ஒரே கட்டுரையில் 2,240 புதிய மைக்ரோசாட்டிலைட் மார்க்கர்களை (சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ இடங்களை அடையாளமாகக் கொள்பவை) வெளியிட்டார்கள். அத்தனை இருந்தும் எனக்கு வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இவ்விரண்டையும் பிரித்துக் காட்டவில்லை.

நவம்பர் 24

மின்சாரம் போய், டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் பாதியில் நின்றது.

நவம்பர் 25

இரண்டாம் பின்கலப்புச் செடிகளின் (கலப்பினத்தைப் பொன்னியோடு இருமுறை மீண்டும் ஒட்டிப் பெற்றவை) இலைகளை மீண்டும் அரைத்தேன். திரவ நைட்ரஜன் குறைவாகவே கிடைத்ததால், உரலில் இலை பொடியாவதற்குள் பச்சை ஈரம் திரும்பிவிடுகிறது. ஐசோபுரொபனால் ஊற்றிக் குழாயை மெல்லச் சாய்த்தபோது, மற்றவற்றில் நூல் நூலாகத் திரண்ட டிஎன்ஏ பதினேழாம் செடியில் மட்டும் வெறும் கலங்கலாக நின்றது. வேண்டுமென்ற செடியில்தான் இப்படி நேர வேண்டுமா?

நவம்பர் 28

பதினேழு பிழைத்தது. சப்1ஐ ஒட்டிய மார்க்கரான ஆர்எம்8300 இரட்டைப் பட்டை காட்டுகிறது, பெற்றோர் இருவருடையதும் உண்டு, சப்1 இருக்கிறது.

நவம்பர் 29

நேற்று எழுதியதை நானே நம்பலாமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஈரெழுத்துத் தொடர்கள் திரும்பத் திரும்ப வரும் இடத்தில், பிசிஆரில் நகலெடுக்கும் டாக் நொதி வழுக்கி, இரண்டு எழுத்து குறைந்த நகல்களையும் சேர்த்தே உண்டாக்கிவிடும். அதனால் முதன்மைப் பட்டைக்குக் கீழே மங்கலாக ஒரு நிழல் பட்டை விழும். பெற்றோரின் நீளங்கள் நெருங்கியிருந்தால், தூய செடியின் நிழலும் கலப்புச் செடியின் இரண்டாம் பட்டையும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். வழக்கமான அகரோஸ் ஜெல்லில் இதைத் தீர்க்க முடியாது என்பதால் பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்தேன். பதினேழில் மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் ஒரே அழுத்தத்தில், ஒவ்வொன்றும் தனக்குக் கீழே தன் நிழலோடு நிற்கின்றன. இது கலப்புதான். இனி இதைப் பற்றி யோசிக்க மாட்டேன்.

டிசம்பர் 2

ஸ்வர்ணா சப்1இல் அந்த மரபணுவைச் சுற்றி ஏறக்குறைய 23 முதல் 34 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள், சப்1 முதலில் வந்த ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ நெல்வழி வந்தவை. அதற்கு அப்பால் இருபுறமும் ஸ்வர்ணாவே. பதினேழாம் செடியில் ஒரு பக்கம் மரபணுவுக்கு மிக அருகிலேயே முறிந்து பொன்னிக்குத் திரும்பியிருக்கிறது. மறுபக்கத்திலோ எஃப்ஆர்13ஏ துண்டின் எல்லையைத் தாண்டியதும் எனக்குக் கண்ணே இல்லை. அங்குள்ள மார்க்கர்கள் பெற்றோர் இரண்டிலும் ஒரே நீளம். அந்த இடத்தில் இரண்டும் மசூரியின் அதே துண்டைச் சுமக்கின்றன என்றால் கவலைப்பட ஏதுமில்லை, ஏனெனில் ஸ்வர்ணாவிடமிருந்து வந்தாலும் அது பொன்னியினுடையதே. ஆனால் ஸ்வர்ணாவின் துண்டு வசிஷ்டாவழி வந்ததாக இருந்து, தொடரின் எண்ணிக்கை மட்டும் தற்செயலாக ஒத்துப்போயிருந்தால், மரபணுவோடு ஒட்டிவரும் வேண்டாத துண்டான சுமையையே காணாமல் சுமையில்லை என்று எழுதிக்கொண்டிருப்பேன். ஜெல் நீளத்தைச் சொல்லுமே தவிர வம்சத்தைச் சொல்லாது.

மேடத்திடம் கேட்டேன். தொடர்ந்து நான்கு மார்க்கர்கள் ஒத்திருந்தால் அதைத் தற்செயல் என்பது கடினம் என்றார். பிறகு, மசூரியையே மூன்றாவது குழியில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். விதை சேமிப்பறையில் இருந்தது. இன்றே ஊறப் போட்டேன்.

டிசம்பர் 4

மழை. வயலுக்குப் போகவில்லை. இரண்டாம் பின்கலப்பில் பொன்னியின் பங்கு 87.5 சதவீதம் என்பது சராசரிதான் என்பதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொள்வது? முப்பத்தொன்றாம் செடி மற்றப் பதினொரு குரோமோசோம்களிலும் பதினேழைவிடத் தூயது. ஆனால் ஒன்பதில் இருபுறமும் முறிவே இல்லை.

டிசம்பர் 7

வயலில் வேலை பார்க்கும் அக்கா, "பதினேழு தொண்டைக்கதிர் கட்டிவிட்டது, நீங்கள் இன்னும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே" என்றார். கதிருக்குக் கீழுள்ள கடைசி இலையான கண்ணாடி இலையின் உறையைத் தடவிப் பார்த்தேன். கதிர் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

டிசம்பர் 9

மசூரி நாற்று இரண்டு இலை விட்டதும் கிள்ளி அரைத்துவிட்டேன். சிறிய இலையில்தான் டிஎன்ஏ சுத்தமாக வருகிறது.

டிசம்பர் 11

மூன்று குழிகள்: பொன்னி, ஸ்வர்ணா சப்1, மசூரி. முதல் மார்க்கரில் மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றன. இரண்டாவதிலும் நான்காவதிலும் அப்படியே. மூன்றாவதில் பொன்னியும் ஸ்வர்ணாவும் ஒன்றாக நிற்க, மசூரி மட்டும் சற்றுக் கீழே விலகியிருக்கிறது. சேமிப்பறை விதையில் கலப்பு இருந்ததா, அல்லது நான் எடுத்த நாற்று மட்டும் அப்படியா என்று அறிய, வேறு பத்து நாற்றுகளைத் தனித்தனியாக அரைக்க வேண்டும். மேடம் ஊரில் இல்லை.

டிசம்பர் 12

பதினேழில் முதல் கதிர் முழுதும் வெளியே வந்துவிட்டது. மாலையில் பொன்னியின் பூக்களை நுனி வெட்டி, மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு உறையிட்டேன். நாளை ஒன்பதரைக்கு மேல் பதினேழின் மகரந்தத்தை உதிர்க்க வேண்டும். முப்பத்தொன்றுக்கும் நான்கு கதிர்கள் ஒதுக்கியிருக்கிறேன். மசூரி நாற்றுகள் பத்தில் ஏழு அரைத்தாயிற்று, மீதி மூன்று