கசப்பு மருந்தைத் துப்பாமல் குடிக்க வைக்க

குழந்தையை மடியில் மல்லாத்திப் போட்டு, மூக்கைப் பிடித்துச் சங்கில் மருந்து புகட்டும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அழுதுகொண்டே மூச்சை இழுக்கும்போது மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறும்.

மருந்துக் கடையில் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, சிரிஞ்ச் நுனியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வைத்து, அரை மில்லி, ஒரு மில்லியாக விடுங்கள். விழுங்கிய பிறகே அடுத்தது. தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் குமட்டி எல்லாமே வெளியே வந்துவிடும்.

பால் புட்டியில் கலக்காதீர்கள். பாதிப் பால் மிஞ்சினால் பாதி மருந்தும் மிஞ்சும். எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது. டாக்டர் சரி என்றால் ஒரே ஒரு ஸ்பூன் பழக்கூழில் கலந்து கொடுக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. மிட்டாய் என்று ஏமாற்றவும் வேண்டாம், பாட்டிலை அதுவே எடுத்துக் குடித்துவிடும்.

எனக்கு அதிகக் கவலை தருவது அளவுதான். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பிலோ 5 மில்லிக்கு 125 அல்லது 250. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். சமையலறை ஸ்பூனும் ஆளுக்கொரு அளவு.

குடித்ததும் வாந்தி எடுத்தால் உடனே மறுபடி கொடுக்காமல், எத்தனை நிமிடத்தில் எடுத்தது என்று சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.