ஹில் கவுண்டியில் வில்லங்கம் பார்த்த கதை

டெக்சாஸில் டல்லாஸிலிருந்து ஆஸ்டினுக்குக் காரில் போகிறவர்களுக்கு ஹில்ஸ்பரோ தெரிந்த ஊர்தான். ஹில் கவுண்டியின் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) தலைநகர். ஐ-35 நெடுஞ்சாலையின் ஈஸ்ட், வெஸ்ட் கிளைகள் ஒன்றுசேரும் இடம். பெட்ரோல் போட்டு, காபி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். அந்தப் பக்கம் நானும் நண்பரும் கொஞ்சம் நிலம் பார்த்ததால்தான் ஊருக்குள் போனேன்.

நடுச் சதுக்கத்தில் சுண்ணாம்புக்கல்லில் நிற்கிறது கோர்ட்ஹவுஸ். டபிள்யூ. சி. டாட்ஸன் வரைந்து 1890-ல் முடிந்த கட்டடம், மேலே மணிக்கூண்டு. இத்தனை சின்ன ஊருக்கு இவ்வளவு ஆடம்பரமா என்று தோன்றும். பருத்தி விளைந்த காலத்துப் பெருமை அது. 1993 புத்தாண்டு அன்று தீப்பிடித்து மணிக்கூண்டு சரிந்தது, சுவர்கள் நின்றன. பக்கத்து ஆபட் ஊர்க்காரரான பாடகர் வில்லி நெல்சன் கச்சேரி நடத்திப் பணம் திரட்டிக் கொடுத்தார். 1999-ல்தான் கட்டடம் பழைய உருவத்துக்கு வந்தது. டெக்சாஸ் அரசு பழைய கோர்ட்ஹவுஸ்களைச் சீரமைக்க நிதித் திட்டம் தொடங்கியதும் அதே வருடம். 254 கவுண்டி உள்ள மாநிலத்தில் இதுவரை 70-க்கும் மேற்பட்டவை அப்படி மீண்டிருக்கின்றன. இப்போது எந்தக் கவுண்டியும் பழைய கோர்ட்ஹவுஸில் பெரிதாகக் கைவைப்பதானால் மாநில வரலாற்று ஆணையத்துக்கு 6 மாதம் முன்பே சொல்லியாக வேண்டும்.

சரி, நிலத்துக்கு வருவோம். இங்கே வில்லங்கம் பார்ப்பது, நில உரிமைக்குக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனியின் வேலை. ஆனால் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்ட எனக்கு மனசு வரவில்லை. "நீங்க இன்னும் பாளையங்கோட்டையிலதான் இருக்கீங்கண்ணே" என்று நண்பர் சிரித்தார். இருக்கட்டும். பத்திரங்களைப் பதிந்து வைக்கும் கவுண்டி கிளர்க்கிடம் இருப்பவை எல்லாம் பொது ஆவணம். நீ யார், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

இப்போதைய உரிமையாளர் பெயரை வாங்கியவர் இண்டெக்ஸில் தேடினால் வால்யூம் எண்ணும் பக்க எண்ணும் கிடைக்கும். அந்தப் பத்திரத்தில் அவருக்கு விற்றவர் பெயர் இருக்கும். அடுத்து அவரைத் தேட வேண்டும். இப்படியே பின்னால் போய் முடித்ததும், ஒவ்வொருவரையும் விற்றவர் இண்டெக்ஸில் பார்க்க வேண்டும்: வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்தாரா, அடமானம் வைத்தாரா, வைத்திருந்தால் கடன் தீர்ந்ததற்கான ரிலீஸ் பதிவாகியிருக்கிறதா. நடுவில் தொடர்பு அறுந்தால் பெரும்பாலும் யாரோ இறந்திருப்பார். அங்கே உயில், வாரிசு வழக்குகளின் புரோபேட் கோப்புக்குத் தாவ வேண்டும்.

புதிய பத்திரங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. பழையவை தடித்தடியான புத்தகங்கள். ஒன்றை இழுத்து மேஜையில் போடுவதற்குள் தோள் கடுக்கும். அளவெல்லாம் வாராவில், ஸ்பானியர் காலத்துக் கணக்கு. ஒரு வாரா 33⅓ அங்குலம் என்று 1919-ல் சட்டமே போட்டார்கள். ஒரு பத்திரத்தில் எல்லை இப்படி: ஓடைக்கரையில் அடித்த முளை, அதிலிருந்து வடகிழக்கே 6 வாராவில் 10 அங்குலத் தடிமனில் எல்ம் மரம். மரத்தை நம்பி யாரும் இன்று வேலி போட முடியாது, சர்வேயர் வந்தே தீர வேண்டும். முதல் உரிமை ஆவணமான பேடண்ட் மட்டும் ஆஸ்டினில், ஜெனரல் லேண்ட் ஆபீஸில் இருக்கிறது. கவுண்டி புத்தகம் எரிந்தாலும் அது மிஞ்சும். ஆனால் அதற்குப் பிறகு கைமாறியதற்கெல்லாம் கவுண்டிதான் கதி. ஒவ்வொரு புத்தகத்தைப் புரட்டும்போதும் 1993 ஞாபகம் வந்தது.

தேடியதற்குப் பலன் 1940-களின் பத்திரம் ஒன்றில் கிடைத்தது. விற்றவர் நிலத்தைக் கொடுத்துவிட்டு, அடியில் உள்ள எண்ணெய், எரிவாயுவில் பாதியைத் தனக்கும் வாரிசுகளுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார். டெக்சாஸில் மேல்மண் ஒருவருக்கு, கீழே இருப்பது இன்னொருவருக்கு என்பது சகஜம். ஹில் கவுண்டி, எரிவாயு எடுக்கும் பாறைப்படிவமான பார்னெட் ஷேல் ஓரத்தில் வேறு இருக்கிறது. நாளைக்கே ஒரு கம்பெனி குத்தகை வாங்கித் துளைபோட வந்தால் நாம் மறிக்க முடியாது. நிலம் காட்டிய புரோக்கர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பக்கத்துக்கு 1 டாலர், சான்றிட 5 டாலர் கூடுதல். நகலை எடுத்துக்கொண்டேன். பிறகு டைட்டில் கம்பெனி காப்பீட்டுக்கு முன் அனுப்பும் டைட்டில் கமிட்மெண்ட் வந்தது. அதில் காப்பீடு எதற்கெல்லாம் கிடையாது என்று சொல்லும் ஷெட்யூல் பி பட்டியலில், அதே வால்யூம் எண் பொடி எழுத்தில் இருந்தது. கையெழுத்துப் போடும் முன் எல்லோரும் படிக்க வேண்டிய பக்கம் அதுதான். நகலை மேஜையில் வைத்துத்தான் விலை பேசினோம். விற்பவர் கொஞ்சம் இறங்கி வந்தார், நாங்கள் நினைத்த அளவுக்கு இல்லை. பரவாயில்லை என்று முடித்துவிட்டோம்.