ழகரம் இல்லாத பெயர்

புத்தக பைண்டிங் பற்றி எழுதிவரும் என் தளத்தின் முகவரியைப் போன மாதம் மாற்றினேன். பழையதில் புக், பைண்டிங், டிப்ஸ், ஆன்லைன் என நான்கு ஆங்கிலச் சொற்கள், நடுவே மூன்று சிறுகோடுகள். தேடும் சொல் முகவரியிலேயே இருந்தால் கூகுளில் மேலே வரும் என்று நம்பி வாங்கியது. ஒரு காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. 2012 செப்டம்பரிலேயே கூகுள் அப்படிப்பட்ட முகவரியை மட்டும் நம்பியிருந்த தரமற்ற தளங்களைக் கீழே இறக்கிவிட்டது. நான் வாங்கியது அதற்கும் பிறகு.

சிறுகோடுகளால் தேடலில் எனக்குத் தண்டனை எதுவும் விழவில்லை. ஆனால் கேட்ட யாருக்கும் பெயர் மனதில் நிற்கவில்லை. "புக், ஒரு கோடு, அப்புறம் பைண்டிங்..." என்று ஆரம்பித்தாலே, "வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க" என்பார்கள்.

சரி, தமிழ்ப் பெயரே வைப்போம் என்று உட்கார்ந்தேன். முதலில் தோன்றியது 'ஏடு'. ஆங்கில எழுத்தில் எழுதினால் கல்வி நிறுவனங்களின் டாட் எடு மாதிரியே இருக்கிறது. அடுத்தது 'இழை'. எனக்கு மிகவும் பிடித்த பெயர். எட்டு நண்பர்களுக்கு ஃபோன் செய்து, ஒரே ஒரு முறை சொல்லி, ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பச் சொன்னேன். ஐந்து பேர் ழகரத்துக்கு இசட்-ஹெச் போட்டார்கள், மூன்று பேர் எல். எல் போட்டால் அது இலை. பிறகு 'நூல்': தைக்கிற நூலும் படிக்கிற நூலும் ஒரே சொல்லில். அதை விட மனசே வரவில்லை. ஆனால் அதிலும் பாதிப் பேர் இரண்டு ஓ, மீதிப் பேர் ஒற்றை யு.

ல, ள, ழ, ந, ன, ண, குறில், நெடில் எல்லாம் ஆங்கில எழுத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. தமிழில் பெயர் தேடுகிறவர்கள் பொருளை யோசிப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும் என்பேன்.

தமிழ் எழுத்திலேயே பதியவும் வழி உண்டு. டாட் காம் மாதிரி முகவரியின் கடைசியில் வரும் முடிவுகூட, டாட் இந்தியா என்று தமிழில் இருக்கிறது. பார்க்கவே அழகு. ஆனால் உள்ளே அது எக்ஸ்-என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் சேமிக்கப்படுகிறது. உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் பல நேரம் அந்தக் கோவைதான் வந்து விழும். பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயப்படுவார்.

கடைசியில் 'மடிமுனை'. தாளை மடித்ததும் கிடைக்கும் அந்தக் கூரான விளிம்பு. எட்டுப் பேரும் ஒரே மாதிரி அடித்தார்கள். 'மடி' என்று மட்டும் வைத்திருந்தால் தேடலில் ஆயிரம் மடிகளுக்கு நடுவே காணாமல் போயிருப்பேன். இந்தக் கூட்டுச்சொல்லைத் தேடியபோது வேறு யாருமே வரவில்லை. பெயரை நினைவில் வைத்துத் தேடி வருகிறவர் நேராக நம்மிடம் வந்து சேர்வதைவிடப் பெரிய தேடல் பலன் முகவரியால் கிடைக்காது என்பது என் எண்ணம்.

முகவரியின் முடிவுக்கு டாட் காம்தான் எடுத்தேன். புதுப்புது முடிவுகளுக்குத் தரவரிசையில் தனிச் சலுகை இல்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. டாட் இன் போன்ற நாட்டு முடிவு வைத்தால் அந்த நாட்டுக்கான தளம் என்று எடுத்துக்கொள்ளும். என் வாசகர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். வாங்கும் முன், தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் போட்டு, முன்பு யாராவது அதே முகவரியில் குப்பைத் தளம் நடத்தினார்களா என்றும் பார்த்தேன். அப்புறம் புதுப்பிப்புக் கட்டணம். முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து வாங்கி, அடுத்த வருடம் திகைத்த அனுபவம் எனக்கு ஏற்கெனவே உண்டு.

பழைய பக்கம் ஒவ்வொன்றையும் அதற்கு இணையான புதிய பக்கத்துக்கு, வருகிறவரைத் தானாகவே அங்கே கொண்டுசேர்க்கும் 301 என்ற நிரந்தர வழிமாற்றால் இணைத்தேன். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது சுலபம், ஆனால் தையல் முறையைத் தேடி வந்தவர் முகப்பில் நின்று என்ன செய்வார்? தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலிலும் முகவரி மாற்றத்தைத் தெரிவித்துவிட்டேன். வழிமாற்றத்தைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் அந்தப் பழைய முகவரியை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். யாரோ ஒருவர் அதை நோட்டில் எழுதி வைத்திருக்கக்கூடும்.